சொல்லிச் செய்வதா, இருப்பதை எடுப்பதா? செட்டிநாட்டு வீட்டுக்கும் விசேஷத்துக்கும் ஒரு கணக்கு

அறுபதாம் கல்யாணம் வருகிறது. அதற்குள் ஊர் வீட்டைச் சரி செய்தாக வேண்டும். காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் இந்த இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தேதான் வரும். சென்னையிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கிற பங்காளிகள் ஒரே வளவில், அதாவது முற்றம் வைத்த பெரிய வீட்டில், கூடுவது அப்போதுதான். அதனால் தரை, கதவு, நகை, சேலை, சாப்பாடு, பத்திரிகை என்று எல்லா முடிவும் ஒரே சமயத்தில் தலையில் விழும். அத்தனையிலும் கேள்வி ஒன்றுதான்: கடையில் இருப்பதை எடுப்பதா, நமக்கென்று சொல்லிச் செய்வதா?

"அந்தக் காலத்தில் எல்லாமே சொல்லிச் செய்ததுதான், வீட்டைப் பார்த்தாலே தெரியவில்லையா" என்று ஒரு பேச்சு நம்மிடம் உண்டு. பாதிதான் சரி. பர்மாத் தேக்கை இழைத்து நிலையும் தூணும் போதிகையும் செய்தது இங்கிருந்த ஆசாரிகள். சுண்ணாம்பை அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துச் சுவரைப் பளபளக்க வைத்ததும் இங்கிருந்த கொத்தனார்கள். ஆனால் பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பான் பூக்கல், இங்கிலாந்து இரும்புத் தூண் எல்லாம் தொழிற்சாலைகள் வரிசையாகச் செய்து ஊர் ஊராக விற்ற சரக்கு. கப்பலில் வந்த அதே கல்லை நாலு ஊர் தள்ளி இன்னொரு வீட்டிலும் பார்க்கலாம். எதைச் சொல்லிச் செய்வது, எதை வாங்கிப் பொருத்துவது என்று அவர்கள் பிரித்துத்தான் செலவு செய்திருக்கிறார்கள். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றதற்கு அந்தக் கலப்பும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

வழிகள் மூன்று. ஒன்று, இருப்பதை அப்படியே வாங்குவது. இரண்டு, இருக்கும் மாதிரியில் நிறம், அளவு, ஓரம் என்று சிலவற்றை மட்டும் மாற்றச் சொல்வது. மூன்று, தாளில் கோடு போடுவதிலிருந்து புதிதாகச் செய்வது. மூன்றாவதுதான் உயர்ந்தது என்று நினைக்கிறவர்கள் அதிகம். நான் பார்த்த வரையில் இரண்டாவதுதான் பெரும்பாலும் ஜெயிக்கிறது. விலையும் ஒரு காரணம்தான், ஆனால் பெரிய காரணம் வேறு. நம் அளவுக்கும் நம் நிறத்துக்கும் செய்த பொருளை, நமக்குப் பிடிக்கவில்லை என்றால் இன்னொருவருக்கு விற்க முடியாது. அந்த நஷ்டம் யாருடையது என்பது முன்பணம் கொடுக்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது. அதனால் ஒவ்வொரு பொருளிலும் "எது அழகு" என்று கேட்பதற்கு முன்னால், "தப்பு வந்தால் யார் சுமப்பது, திருத்த முடியுமா" என்று கேட்டுப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தரை

முதலில் தரை, ஏனென்றால் அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான். ஆத்தங்குடிக் கல், அதாவது ஆத்தங்குடியில் கையால் செய்கிற சிமெண்ட் பூக்கல், போடுவது என்று முடிவு செய்தாலும், அதற்குள்ளேயே பல வழிகள் இருக்கின்றன. பட்டறையில் அடுக்கியிருக்கும் மாதிரியை எடுப்பது. அதே மாதிரியை நம் நிறத்தில் கேட்பது. நாமே வரைந்து கொடுத்துப் புது மாதிரி போடுவது. இடித்த வீட்டிலிருந்து எடுத்த பழைய கல்லைத் தேடுவது. இவை போக, ஆத்தங்குடிப் பூவை அப்படியே அச்சடித்த விட்ரிஃபைட் டைல்ஸ் எல்லா ஊர்க் கடையிலும் கிடைக்கிறது.

கல் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் எதற்குக் காசு கூடுகிறது, எதற்குக் கூடாது என்பது புரிந்துவிடும். ஒரு கண்ணாடித் தகடு. அதன்மேல் இரும்புச் சட்டம். அதற்குள் பூ வேலைக்கான அச்சை இறக்கி, ஒவ்வொரு அறையிலும் நிறம் கலந்த சிமெண்ட் குழம்பைச் சிறு கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு ஈரக் கலவையை நிரப்பி மட்டம் செய்வார்கள். அப்புறம் நிழல், அப்புறம் தண்ணீர்த் தொட்டி. ஊறிக் காய்ந்த பிறகு கண்ணாடி கழன்றுவரும். சூளை என்பதே இந்த வேலையில் கிடையாது. கல்லின் வழவழப்பு கண்ணாடியிடமிருந்து வாங்கியது. பாலிஷ் போட்டு வந்ததல்ல.

இதிலிருந்து வருபவை சில. நிறத்தை மாற்றுவது அவர்களுக்குச் சிரமமே இல்லை, குழம்பில் வேறு பொடியைக் கலக்க வேண்டியதுதான். அதனால் "அந்தப் பச்சைக்குப் பதிலாகக் காவி வேண்டும்" என்று தாராளமாகக் கேட்கலாம். புது வடிவம் என்றால் கதை வேறு. அச்சு புதிதாகச் செய்ய வேண்டும், கைப்பழக்கம் இல்லாத அச்சில் முதல் கற்கள் சரியாக வராது, அந்தச் செலவெல்லாம் நம் கணக்கில் ஏறும். பெரிய வளவு முழுவதும் போடுகிறோம் என்றால் அந்தச் செலவு சதுர அடிக்குச் சிறிதாகிவிடும். ஒரு பூஜை அறைக்காக மட்டும் என்றால் கட்டுப்படி ஆகாது.

கையால் ஊற்றுவதால் ஒரே நிறம் என்று சொன்னாலும் இன்றைய கல்லும் அடுத்த மாதக் கல்லும் கொஞ்சம் மாறும். பட்டறைக்காரர்கள் இதை மறைப்பதில்லை. "அண்ணே, கண்ணாடியில இருந்து எடுக்கிறப்ப ஒரு நிறம், காஞ்சப்புறம் ஒரு நிறம், நடந்து நடந்து பழகினப்புறம் ஒரு நிறம். போன்ல போட்டோ பாத்துட்டு வராதீக, ஒரு கல்லை எடுத்துட்டுப் போயி வீட்டு வெளிச்சத்துல வச்சுப் பாருங்க" என்று அவர்களே சொல்வார்கள். நல்ல யோசனை. கல்லை ஒரே தடவையில், தேவைக்கு மேல் பத்தில் ஒரு பங்கு சேர்த்து வாங்குங்கள். மூலையில் வெட்டு விழும், சில உடையும். பின்னாளில் ஒரு கல் மாற்ற வேண்டி வந்தால் அதே நிறம் வீட்டுப் பரணில்தான் இருக்கும், பட்டறையில் இருக்காது.

சூளையில் வேகாத கல் என்பதால் புளிப்பு ஆகாது. எலுமிச்சை, புளி, வினிகர் சிந்தி உடனே துடைக்காவிட்டால் சிமெண்ட்டை அரித்துத் தடம் பதிந்துவிடும். கழிவறையைக் கழுவுகிற ஆசிட் பட்டால் சொல்லவே வேண்டாம். அடியிலிருந்து ஈரம் ஏறும் தரையில் போட்டால் உப்புப் பூக்கும். அதனால் சமையலறைக்கும் குளியலறைக்கும் ஆத்தங்குடிக் கல் போடாதீர்கள் என்பேன். அங்கே விட்ரிஃபைட் போடலாம், ஆனால் ஆத்தங்குடிப் பூ அச்சடித்தது வேண்டாம். முகப்பில் அசல், அடுப்படியில் அதன் படம் என்று இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் படம் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். வெறும் ஒற்றை நிறம் போதும். விட்ரிஃபைடுக்கு உள்ள இன்னொரு சங்கடம், கம்பெனி அந்த மாடலை நிறுத்திவிட்டால் மாற்றுக்கல் கிடைக்காது. "தொழிற்சாலைச் சரக்கு, எப்போதும் கிடைக்கும்" என்பது நம் நினைப்பு மட்டும்தான்.

பழைய கல் தேடுகிறவர்களுக்கு: முழு அறைக்குத் தேறாது. ஓரத்துக்கோ நடுவில் ஒரு கோலத்துக்கோ வைத்துக்கொண்டு சுற்றிலும் புதுக்கல் ஒற்றை நிறத்தில் போட்டால் நன்றாக இருக்கும். பழையதும் புதியதும் ஒரே கனம் இருக்காது, அதைக் கொத்தனாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

என் தேர்வு: இருக்கும் அச்சு, நம் நிறம். கல்லைவிட அதைப் பதிக்கிற கொத்தனாரைத் தேடுவதில் நேரம் செலவழியுங்கள். இடைவெளி தெரியாமல், சுத்தியலால் அடிக்காமல், கையால் அழுத்திப் பதிக்கத் தெரிந்தவர் வேண்டும். மற்ற கல் பதிக்கிற பழக்கத்தில் இதைப் பதித்து, மேலே மிஷின் ஓட்டிப் பாலிஷ் போட்டால் கண்ணாடி தந்த மேல்தோல் போய்விடும். பதித்த பிறகு உமி போட்டுத் தேய்ப்பதும், அவ்வப்போது தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பதும், மற்றபடி வெறும் தண்ணீரும் போதும்.

நிலையும் கதவும்

கதவுக்கும் மூன்று வழி. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய கதவு பார்ப்பது, ஆசாரியிடம் புதிதாகச் செய்வது, கம்ப்யூட்டர் ஓட்டுகிற சிஎன்சி மிஷினில் செதுக்கிய பலகையை வாங்கிச் சேர்ப்பது.

பழைய கதவின் மரத்துக்கு இணை இன்று கிடைப்பது கஷ்டம். வைரம் பாய்ந்த பர்மாத் தேக்கு, பல மழையும் வெயிலும் பார்த்து ஆடி அடங்கிய மரம். இனிமேல் அது பெரிதாகச் சுருங்கவும் போவதில்லை, கோணவும் போவதில்லை. சிக்கல் அளவில் இருக்கிறது. பழைய உள்கதவுகள் பல உயரம் குறைவு. குனிந்து போகிற வாசலுக்குச் செய்தவை. பல கதவுகள் கீலில் ஆடுவதில்லை, நிலையிலும் படியிலும் உள்ள குழியில் நிற்கிற குடுமியில் ஆடுபவை. நிலையும் படியும் சேர்ந்து கிடைத்தால்தான் அது கதவு, இல்லாவிட்டால் சுவரில் சாத்தி வைக்கிற பலகை. நம் வாசலுக்குப் பொருந்தவில்லை என்று ஓரத்தை அறுத்தால் பூ வேலை பாதியில் நிற்கும். எனவே புதிதாக வாசல் திறப்பவர்களுக்குத்தான் பழைய கதவு. கதவை முதலில் வாங்கி, அந்த அளவுக்குச் சுவரைக் கட்ட வேண்டும். ஏற்கெனவே இருக்கிற வாசலுக்குப் பழைய கதவு தேடுவது வீண் அலைச்சல்.

அந்தத் தெருவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே நிற்கும் கதவுகளில் பல, பங்கு பிரிக்க முடியாமல் இடிபட்ட வீடுகளிலிருந்து வந்தவை. வாங்குவது தப்பு என்று நான் சொல்லவில்லை. விறகாகப் போவதைவிட வாசலாக நிற்பது மேல். ஆனால் சொந்த வீட்டிலேயே ரெண்டாங்கட்டின் கதவைக் கழற்றி விற்றுவிட்டு, முகப்புக்கு வேறொரு வீட்டுக் கதவைத் தேடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் புரிவதில்லை.

சிஎன்சி வேலை மலிவு, வேகம், ஒன்றுபோல் இருக்கும். சுழலும் முனை மேலிருந்து இறங்கிச் செதுக்குவதால் உள்மூலைகள் எல்லாம் அந்த முனையின் வட்டத்துக்கு மழுங்கி நிற்கும். இதழுக்கு அடியில் குடைந்து போக அதனால் முடியாது. உளி போகிற இடத்துக்கு அது போகாது. தூரத்தில் தெரியாது, கை வைத்துப் பார்த்தால் தெரியும். மேல் சட்டம், வரிசையாக ஒரே பூ ஓடுகிற ஓரம் போன்றவற்றை மிஷினில் ஓட்டிவிட்டு, கஜலட்சுமியும் யாளியும் வருகிற நடுப்பகுதியை மட்டும் கையில் கொடுக்கிற ஆசாரிகள் இப்போது இருக்கிறார்கள். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. எங்கே மிஷின், எங்கே கை என்று அவர் வெளிப்படையாகச் சொல்லி, விலையும் அதற்கேற்ப இருந்தால் சரி.

ஆனாலும் நிலைக்கதவு மட்டும் தொடக்கத்தில் சொன்ன மூன்றாவது வழியில், ஆசாரியிடம் முழுக்கச் சொல்லிச் செய்ய வேண்டியது என்பது என் கட்சி. பழைய வீட்டில் ஒரு வாசல் போல இன்னொரு வாசல் இருப்பதில்லை. இடதுபக்கம் உயரம் ஒன்று, வலதுபக்கம் ஒன்று. ரெடிமேட் அளவு பொருந்தவே பொருந்தாது. மரத்தில் தப்பைத் திருத்தலாம், இழைக்கலாம், ஒட்டுக் கொடுக்கலாம். செய்கிறவர் உள்ளூர், மழையில் கதவு இறுகினால் வந்து சீவிக் கொடுப்பார். சுமப்பதற்கு ஆள் இருக்கிறது.

மரத்தை நாமே வாங்கிக் கொடுத்துக் கூலிக்கு விடுவதா, மரத்தோடு காண்ட்ராக்டா? தேக்கு கன அடிக் கணக்கில் விலை. அறுத்தால் கழிவு எவ்வளவு போகும் என்று நமக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். காண்ட்ராக்டில் வெள்ளை அதிகம் உள்ள மரத்தைச் சேர்த்து, வார்னிஷில் மறைக்க இடம் இருக்கிறது. பூச்சி முதலில் பிடிப்பது அந்த வெளிமரத்தைத்தான். கூலிக்கு விட்டால் மரம் நம் பொறுப்பு, காயாத மரத்தை நாம் வாங்கிக் கொடுத்துவிட்டு அவரைக் குறை சொல்ல முடியாது. மரம் பார்க்கத் தெரிந்த ஒரு மாமாவோ சித்தப்பாவோ கூட வருவார் என்றால் கூலி. இல்லாவிட்டால் காண்ட்ராக்ட், ஆனால் வண்ணமோ வார்னிஷோ பூசுவதற்கு முன்னால் ஒருமுறை பார்ப்பேன் என்ற நிபந்தனையோடு.

நகை

தங்கத்தில் சொல்லிச் செய்வதன் விலை வெளிப்படையாகவே பில்லில் இருக்கிறது: செய்கூலி, சேதாரம். கடை நகைக்கும் இவை உண்டு, ஆர்டர் நகைக்குப் பேசுகிற இடம் கொஞ்சம் கூடுதல். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகை விற்கிறவர்கள், எழுத்தும் எண்ணும் கலந்த 6 இட அடையாளக் குறியோடுதான் விற்க வேண்டும். அந்தக் குறியை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் நகையின் தூய்மையும் பதிவும் தெரியும். ஆர்டர் கொடுக்கும்போதே "குறி போட்டுத்தான் வாங்குவேன்" என்று சொல்லிவிடுங்கள். தெரிந்த பத்தர், தலைமுறைப் பழக்கம் என்பதெல்லாம் இருக்கட்டும். பின்னாளில் மாற்றப் போகும்போது கடைக்காரர் பழக்கத்தைக் கேட்கமாட்டார், குறியைத்தான் கேட்பார்.

கழுத்திரு, அதாவது நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீட்டுக் கல்யாணத் தாலி நகை, என்றால் வழியே வேறு. அது வடிவம் மாறாத நகை. உருக்கள் எப்படி இருக்க வேண்டும், எந்த வரிசையில் கோக்க வேண்டும் என்பதெல்லாம் நகரத்தார் வீடுகளில் முடிவான விஷயம். அதில் "டிசைன்" செய்ய ஒன்றும் இல்லை. இருக்கிற கேள்வி எடை மட்டும்தான், குறைந்த எடையில் அதே தோற்றத்தோடு செய்கிறவர்களும் இருக்கிறார்கள். பழையது வீட்டில் இருந்தால் அதைக் கோத்துப் புது நூல் மாற்றுவதோடு நிறுத்துங்கள். உருக்கிப் புதிதாகச் செய்தால் சேதாரம் ஒரு பக்கம், அந்த வேலைப்பாடு இன்னொரு பக்கம் போகும். இதைத் திருப்பிச் செய்யவே முடியாது.

கல் வைத்த தோடு, வளையல் போன்றவற்றுக்குக் கடையில் இருப்பதை எடுப்பதே மேல். கையில் போட்டுப் பார்த்து, பிடிக்காவிட்டால் வைத்துவிட்டு வரலாமே.

சேலையும் ரவிக்கையும்

காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகு "எங்களுக்கென்று ஒரு கண்டாங்கி நெய்து தருவார்களா" என்று கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். ஒரே ஒரு சேலைக்குக் கேட்டால் நெசவாளர் சிரித்துக்கொண்டே மறுப்பார், அதற்குக் காரணம் தறியில் இருக்கிறது. ஒரு பாவு, அதாவது நெடுக்கே ஓடுகிற நூல், ஏற்றினால் அதிலிருந்து பல சேலைகள் இறங்கும். கரையின் நிறமும் கட்டத்தின் நெடுங்கோடும் பாவிலேயே நிச்சயமாகிவிடுகின்றன. ஒருவருக்காக மட்டும் பாவு ஓட்ட முடியாது.

ஆனால் ஊடையை மாற்றலாம். தறியில் ஏறியிருக்கிற பாவில், குறுக்கே ஓடுகிற நூலின் நிறத்தை நம் விருப்பத்துக்குக் கேட்டால், கரை அதேதான், உடலும் முந்தானையும் வேறு. ஒரு சேலைக்கு இதுதான் நியாயமான வழி. தறி இருக்கிற இடத்துக்குப் போய், என்ன பாவு ஏறியிருக்கிறது என்று பார்த்து, அதற்கு எது பொருந்தும் என்று அவரிடமே கேளுங்கள். அரக்குக் கரைக்கு மஞ்சள் ஓடினால் எப்படி இருக்கும் என்பது அவருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். விசேஷத்துக்கு அக்கா தங்கை, நாத்தனார், சம்பந்தி வீட்டார் என்று எல்லாருக்கும் ஒரே மாதிரி எடுப்பதாக இருந்தால் முழுப் பாவையே நம் நிறத்தில் கேட்கலாம். அப்போது எண்ணிக்கை கட்டுப்படியாகும். விசைத்தறியில் கண்டாங்கிக் கட்டம் போட்டு வருபவை மலிவு, இலேசு, துவைக்கச் சுலபம். வேலைக்குக் கட்டிப் போக நல்லது. கைத்தறி விலைக்கு அதைக் கொடுத்தால்தான் கோபம் வர வேண்டும்.

ரவிக்கைக்கு நீண்ட பேச்சு வேண்டாம். ரெடிமேட் ரவிக்கை அவசரத்துக்கு. மற்றபடி அளவு ரவிக்கை ஒன்றைக் கொடுத்துத் தைப்பதுதான். டேப் பிடித்து எடுத்த அளவைவிட, ஏற்கெனவே உடம்பில் சரியாக நின்ற ரவிக்கை பொய் சொல்லாது. தையலில் உள்ளே துணி விடச் சொல்லுங்கள்.

பந்தி

சமையலில் "கஸ்டமைஸ்" என்ற சொல்லை யாரும் சொல்வதில்லை, ஆனால் பணம் அதிகம் போவது இங்கேதான். இலைக் கணக்கில் விடுகிறவர்கள் ஒரு பட்டியலைத் தருவார்கள். அதிலிருந்து தேர்ந்தெடுத்தால் இலைக்கு இவ்வளவு. மற்றொன்று, சமையல் மேஸ்திரியைக் கூலிக்குப் பேசி, அவர் எழுதித் தரும் சாமான் பட்டியலை நாமே வாங்கிப் போடுவது. இலைக் கணக்கில் ஆள் கூடினால் நமக்குச் செலவு, சாமான் வீணானால் அவருக்குச் செலவு. கூலிக் கணக்கில் இரண்டும் நமக்கே, ஆனால் எண்ணெய் எது, அரிசி எது என்பது நம் கையில். வீட்டில் நின்று பார்க்க இரண்டு பெரியவர்கள் இருந்தால் கூலிதான் ருசி. எல்லாரும் முதல் நாள் ராத்திரிதான் ஊருக்கு வருகிறோம் என்றால் இலைக் கணக்கை எடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

இலைக் கணக்கிலும் ஒன்றிரண்டு மாற்றம் கேட்கலாம். என் அனுபவத்தில் கேட்க வேண்டியது பன்னீர் போட்ட புது அயிட்டங்களை அல்ல. காலையில் வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் இடத்திலேயே சுட வேண்டும், மதியம் அரிசி கழுவிய தண்ணீரில் வைக்கிற மண்டி ஒன்று இருக்க வேண்டும், கவுனி அரிசி கட்டாயம். இவற்றைச் செய்யக் கை வேண்டும் என்பதால் பட்டியலில் சத்தமில்லாமல் விட்டுவிடுவார்கள். வெள்ளைப் பணியாரத்துக்குப் பச்சரிசியை அளந்து அதன் தலையில் உளுந்தைக் கோபுரமாக வைத்து ஊறப் போடுகிற அளவு தெரிந்தவரா என்று ஆச்சிமார் யாராவது ஒரு வார்த்தை விசாரித்தால் போதும். தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை எல்லாம் நாள் தாங்கும். அவற்றை ஊரில் பலகாரம் போடுகிறவர்களிடம் எடைக்கு வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் அடுப்புக் கட்டத் தேவை இல்லை.

பத்திரிகைக்குச் சிவகாசி அச்சு மாதிரியில் ஊர், கோவில், பெயர்களை மட்டும் மாற்றி அடித்தால் போதும். விசேஷம் முடிந்தால் அதைப் பார்க்கிறவர் யார்? கோவில், பிரிவு, பெரியவர்கள் வரிசையில் பிழை இல்லாமல் இருப்பதுதான் முக்கியம், அதற்கு இரண்டு பேர் வாசிக்க வேண்டும். தாம்பூலத்துக்குச் செட்டிநாட்டுக் கொட்டான் நினைத்தால் அது நல்ல தேர்வு. புவிசார் குறியீடு பெற்ற பனையோலைப் பின்னல், நிறமும் அளவும் சொல்லலாம். கையால் பின்னுவது, அவசரத்துக்கு எண்ணிக்கை வராது. மாதக் கணக்கில் முன்னால் சொல்ல முடியாவிட்டால் தாம்பாளத்தில் வைக்கிற அளவுக்குச் சில கொட்டான் மட்டும் வாங்கி, வருகிறவர்களுக்கு மஞ்சள் பை கொடுத்துவிடலாம்.

தூரத்தில் இருப்பவர்களுக்கு

வெளியூரிலிருந்து போனில் ஆர்டர் கொடுப்பவர்களுக்குத்தான் சேதம் அதிகம். திரையில் தெரிகிற நிறம் கல்லிலும் வராது, நூலிலும் வராது. ஒரு மாதிரிக் கல், ஒரு முழத் துணி, ஒரு துண்டுப் பலகை என்று கூரியரில் வரவழைத்துப் பாருங்கள். அளவை அங்குலத்தில் சொல்கிறீர்களா, மில்லிமீட்டரிலா என்று எழுத்தில் இருக்கட்டும். ஒப்புக்கொண்ட மாதிரியின் பின்னால் தேதி போட்டு இரண்டு பேரும் கையெழுத்திட்டு, ஒன்று உங்களிடம், ஒன்று அவரிடம். முன்பணம் எவ்வளவு, பாதி வேலையில் எவ்வளவு, முடிந்து பார்த்த பிறகு எவ்வளவு என்று மூன்றாகப் பிரிப்பது இரண்டு தரப்புக்கும் நல்லது. "சரியாக வராவிட்டால் திரும்பச் செய்வது யார் செலவு" என்பதை வாய் கூசாமல் முதல் நாளே கேளுங்கள். நல்ல தொழிலாளிகள் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. பில் இருந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் முறையிட வழி இருக்கிறது, சொல்லிச் செய்த பொருளானாலும் சரி. வெறும் வாய்ப்பேச்சோடு போனால் அங்கே நிற்பது கடினம்.

இன்னொன்று நாள். அறுபதாம் கல்யாணம் நட்சத்திரத்தில் நிற்கிறது. ஆசாரிக்காகவோ தறிக்காகவோ ஒரு நாள்கூடத் தள்ளிப் போகாது. அதனால் திருத்த நேரம் எடுக்கிறவற்றை முதலில் சொல்ல வேண்டும். மரம் வாங்கி ஆசாரியிடம் கொடுப்பது எல்லாவற்றுக்கும் முன்னால். அடுத்தது கல், ஐப்பசி கார்த்திகை மழையில் பட்டறையில் உலர்வது தாமதமாகும் என்பதால் அந்த மாதங்களை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். கதவுக்காரர் இழைத்து முடிக்காமல் தரை பதிக்க விடாதீர்கள், மரச்சீவலும் சாமானும் புதுக்கல்லைக் கீறிவிடும். கொட்டானும் பாவும் அதே காலத்தில் சொல்லிவிடலாம். நகைக்கு, கையில் வாங்கி எடை பார்த்துக் குறியைச் சரிபார்க்க ஒரு மாதம் மிச்சம் இருக்கட்டும். சமையல் மேஸ்திரியை மட்டும் தேதி குறித்த அன்றைக்கே பேசி முன்பணம் கொடுத்துவிடுங்கள். நல்ல முகூர்த்த நாளில் அவரை வேறு வளவில் யாராவது பிடித்துவைத்திருப்பார்கள்.